28 சதவீதமும் 80 சதவீதமும்: இரண்டு டேனிஷ் குப்பைமேடுகளில் மீத்தேன் போன வழி

டென்மார்க்கின் ஸீலாந்துத் தீவின் தென்கிழக்கில் ஃபாக்சே என்றொரு ஊர். சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் பேர்போனது. அதன் குப்பைக் கிடங்கு 12 ஹெக்டேர் பரப்பு, நம் கணக்கில் 30 ஏக்கர். அந்த மேட்டின் மூடியில் பத்து இடங்களில் மண்ணை எடுத்துவிட்டு, தோட்டக் கழிவிலிருந்து செய்த காம்போஸ்ட்டை நிரப்பினார்கள். பத்தும் சேர்த்து 5,000 சதுர மீட்டர். குப்பைக்குள் ஊறும் மீத்தேன் இந்தப் பத்து ஜன்னல்கள் வழியாக மேலே வரும், வரும் வழியிலேயே காம்போஸ்ட்டில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதைத் தின்றுவிடும் என்பது திட்டம்.

வேலை முடிந்தபின் ஜன்னல்களின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அளந்தார்கள். பெரும்பாலான இடங்களில் மீத்தேன் ஏறக்குறைய முழுவதும் தீர்ந்திருந்தது. அதோடு அறிக்கை எழுதி முடித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் முடிக்கவில்லை. கிடங்குக்கு வெளியே, காற்று வீசிப் போகும் பக்கத்தில் நின்று, மொத்த மேட்டிலிருந்தும் எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது என்று அளந்தார்கள். ஓராண்டுக் கண்காணிப்பின் முடிவில் குறைந்திருந்தது சுமார் 28 சதவீதம்.

ஜன்னலில் அளந்தால் கிட்டத்தட்ட நூறு, மேட்டை அளந்தால் 28. இந்த இடைவெளியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். காம்போஸ்ட்டைப் பரப்பி மீத்தேனைக் குறைக்கலாம் என்பதை ஆய்வகத்தில் செய்துகாட்டுவது பெரிய கஷ்டமில்லை. ஒரு முழுக் கிடங்கில் செய்து பார்த்து, எதிர்பார்த்தது வராதபோது அந்த எண்ணை மறைக்காமல் வெளியிட்டு, ஏன் வரவில்லை என்று தேடுவது வேறு. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சார்லட் ஷொய்ட்ஸ், பீட்டர் கெல்சன் ஆகியோரின் குழு அதைச் செய்தது. அதே குழு கிளிண்ட்ஹோல்ம் என்ற இன்னொரு கிடங்கில் சராசரியாக 80 சதவீதம் குறைத்தும் காட்டியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பயோகவர் என்கிற இந்தக் காம்போஸ்ட் மூடி என்ன வேலை என்று புரிகிறது.

எஞ்சினுக்குப் போதாத வாயு

குப்பையைக் கொட்டி மூடிய சில நாளில் உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும். அதன்பிறகு உணவுக் கழிவு, காகிதம், மரத்துண்டு, இலைதழை எல்லாம் காற்றில்லாமல் அழுகும். அந்த அழுகலில் பிறக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதிக்குச் சற்று மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடும் வேறு சில ஆவியாகும் பொருட்களும் கொஞ்சம் கலந்திருக்கும். கிடங்கின் நாற்றம் இந்தக் கொஞ்சத்தால்தான் வருகிறது. மீத்தேனுக்கு மணமே கிடையாது. நாற்றம் குறைந்துவிட்டால் வாயுவும் நின்றுவிட்டது என்று நினைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு. 20 ஆண்டுக் கணக்கில் 80 மடங்கைத் தாண்டும். பருவநிலைக் கவலை ஒருபுறம் இருக்க, காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் லாஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச் 24ஆம் தேதி, கிடங்கை ஒட்டியிருந்த ஒரு வீடு அப்படித்தான் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூன்று பேரும் படுகாயம் அடைந்தார்கள். அன்று சில மணி நேரத்துக்குள் காற்றழுத்தம் வேகமாக இறங்கியிருந்தது. மேலே அழுத்தம் இறங்கினால் நிலத்துக்குள் அடைபட்டிருக்கும் வாயு வெளியே தள்ளிக்கொண்டு வரும். மண்ணுக்குள் பக்கவாட்டில் நகர்ந்து வீட்டு அடித்தளத்துக்குள்ளும் புகும். டென்மார்க்கிலேயே ஸ்கெல்லிங்ஸ்டெட் கிடங்குக்குப் பக்கத்தில் 1991இல் இதுபோல ஒரு வீடு வெடித்தது. கெல்சன் அந்த இடத்தில் வாயு நகர்ந்த விதத்தைக் களத்தில் ஆராய்ந்தவர். வாயுவின் வழியைத் தேடும் அக்கறை அந்தக் குழுவுக்குப் புதிதல்ல.

பெரிய கிடங்கு, சமீபத்தில் மூடியது என்றால் வழி தெரிந்ததுதான். குழாய்க் கிணறு இறக்கி, வாயுவை உறிஞ்சி, எஞ்சினை ஓட்டி மின்சாரம் எடுக்கலாம். அல்லது கொழுந்து விட்டு எரித்துவிடலாம். டென்மார்க்கில் நிலைமை வேறு. எரிக்கக்கூடிய குப்பையைக் கிடங்கில் கொட்டக் கூடாது என்று 1997இலேயே தடை போட்டுவிட்டார்கள். அதனால் அங்குள்ள பழைய மேடுகளில் புதுத் தீனி இல்லை. தணல் மட்டும் மிச்சம். வாயு குறைந்துகொண்டே வருகிறது, அதில் மீத்தேனின் பங்கும் குறைகிறது. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் எஞ்சின் திணறும். இன்னும் இறங்கினால் கொழுந்துகூட நிற்காது. ஆனால் தணல் அணைய இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். எஞ்சினுக்குப் போதாத, ஆனால் விட்டுவிடவும் முடியாத இந்த வாயுவுக்குத்தான் பயோகவர்.

மீத்தேனைத் தின்று வாழ்பவை

மீத்தேனை மட்டுமே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியா உண்டு என்பதை நெதர்லாந்தின் நுண்ணுயிர் ஆய்வாளர் சோன்கென் 1906இலேயே காட்டிவிட்டார். வயல் சேற்றிலும், குளக்கரை மண்ணிலும், குப்பைமேட்டின் மேல்மண்ணிலும் அவை இருக்கின்றன. எங்கிருந்தும் வாங்கி வந்து போட வேண்டியதில்லை. மீத்தேனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் தாமாகவே பெருகும். முதலில் மீத்தேனை மெத்தனாலாக்கி, அதை ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்கி, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாக முடிக்கும். அடுப்பில் எரித்தால் கிடைப்பதும் இதே இரண்டுதான். இங்கே தீ மட்டும் இல்லை.

கணக்கைப் பார்த்தால் வேலையின் அளவு விளங்கும். ஒரு கிலோ மீத்தேன் முழுதும் தீர்ந்தால் 2.75 கிலோ கரியமில வாயுவும் 2.25 கிலோ தண்ணீரும் வரும். 28 கிலோவுக்குச் சமமாக வெப்பம் பிடிக்க இருந்தது மூன்று கிலோவுக்குக் கீழே வந்துவிடுகிறது. அதற்கு விலை ஆக்ஸிஜன். ஒரு கன மீட்டர் மீத்தேனுக்கு இரண்டு கன மீட்டர் ஆக்ஸிஜன், அதாவது ஏறக்குறைய பத்து கன மீட்டர் காற்று, மேலிருந்து மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். கீழிருந்து வாயு மேலே தள்ளுகிறது, மேலிருந்து காற்று கீழே ஊடுருவுகிறது. இரண்டும் சந்திக்கும் ஒரு சில அடி ஆழத்துக்குள்தான் பாக்டீரியாவின் குடியிருப்பு. ஓரிடத்தில் வாயு அளவுக்கு மீறி வேகமாக வந்தால் காற்றை வெளியே தள்ளிவிடும். சாப்பாடு குவிந்து கிடக்கும், ஆனால் மூச்சு முட்டும். மீத்தேன் தப்பிப் போய்விடும்.

சாதாரண மண் மூடியிலும் இது நடக்கத்தான் செய்கிறது. நாடுகள் தங்கள் பசுங்குடில் வாயுக் கணக்கைத் தயாரிக்கும்போது, முறையாக மூடிய கிடங்கின் மேல்மண் 10 சதவீத மீத்தேனைத் தீர்க்கிறது என்று எடுத்துக்கொள்ள, ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் வழிகாட்டி அனுமதிக்கிறது. பயோகவர் அந்தப் பத்தை எண்பதாக, தொண்ணூறாக ஆக்கும் முயற்சி. களிமண்ணைவிடக் காம்போஸ்ட்டில் இடுக்குகள் அதிகம், ஈரம் நிற்கும், சத்து இருக்கும், கதகதப்பும் தங்கும்.

ஃபாக்சேயில் செய்தது

ஐரோப்பிய ஒன்றியத்தின் லைஃப் நிதித் திட்டம் 2005இல் ஏற்றுக்கொண்ட வேலைகளில் ஒன்று ஃபாக்சே. முழு மேட்டையும் காம்போஸ்ட்டால் போர்த்த வேண்டுமானால் 12 ஹெக்டேருக்கு மலைபோல் காம்போஸ்ட் வேண்டும். அதனால் ஜன்னல் முறையைத் தேர்ந்தார்கள். மீதி மூடி மண்ணாகவே இருக்கும். வாயு எதிர்ப்புக் குறைந்த வழியைத் தேடி ஜன்னலுக்கு வரும். 5,000 சதுர மீட்டர் என்பது மொத்தப் பரப்பில் ஏறக்குறைய 4 சதவீதம். வீட்டில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு ஜன்னலைத் திறந்தால் புகை அந்த வழியாகப் போகும் அல்லவா, அதே யோசனை.

எல்லாக் கதவையும் சாத்துவதில்தான் சிக்கல். குப்பைக்குள் ஊறி அடியில் தேங்கும் அழுக்குநீரான கசிவுநீரை இறைக்க வைத்திருந்த கிணறுகள் மேட்டின் அடிவரை இறங்கியவை. வாயுவுக்கு அதைவிட வசதியான புகைபோக்கி கிடைக்காது. அவற்றுக்கு மூடி போட்டார்கள். மேட்டின் சரிவுகளில் மண் மெலிந்திருந்ததால் களிமண் கூட்டினார்கள். பிறகும் வாயு ஜன்னலுக்கு மட்டும் வரவில்லை. திட்டத்துக்கு முன்பு அளந்த கசிவில் கணிசமான பங்கு, தடுக்க ஆளில்லாமல் அப்படியே தொடர்ந்தது.

குப்பைமேட்டுக்குள் வாயு எப்படி நகர்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. குப்பையைக் கொட்டும்போது அடுக்கடுக்காகக் கொட்டி, அழுத்தி, இடையிடையே மண் போடுகிறோம். அதனால் வாயு நேராக மேலே ஏறுவதைவிட அடுக்குகளின் போக்கில் பக்கவாட்டில் நகர்வது சுலபம். பக்கவாட்டில் போனால் சரிவு வரும். சரிவில் மழை மண்ணை அரிக்கும், புல் பிடிக்காது, மூடி மெலியும். தமிழ்நாட்டில் மூடி மண் போட்ட பழைய மேடு ஒன்றில், நல்ல மழை விட்ட மறுநாள் காலை நான் சுற்றி நடந்திருக்கிறேன். உச்சியில் தேங்கிய தண்ணீர் அசையாமல் கிடந்தது. சரிவின் அடியில், மண் பிளந்த கோட்டை ஒட்டித் தேங்கியிருந்த சிறு குட்டைகளில் மட்டும், உலை கொதிப்பதற்கு முன்னால் பானை அடியில் வருமே அப்படிச் சின்னச் சின்னக் குமிழ்கள் விடாமல் வந்துகொண்டிருந்தன. ஒரு குட்டையில் நிமிடக்கணக்கில் நின்று பார்த்தேன். குமிழ் வரும் இடம் மாறவே இல்லை. மூடியை எங்கே கனமாகப் போட்டிருந்தார்களோ அங்கே ஒன்றுமில்லை, எங்கே யாரும் கவனிக்கவில்லையோ அங்கே எல்லாம் இருந்தது. ஃபாக்சேயின் முடிவுகளைப் படித்தபோது எனக்கு அந்தக் குட்டைதான் நினைவுக்கு வந்தது.

ஜன்னலுக்குள் வந்த வாயுவும் சமமாகப் பரவவில்லை. காம்போஸ்ட்டுக்கு அடியில் சரளை போடுவதே வாயுவைப் பரப்பி விடுவதற்காகத்தான். இருந்தும் ஒரு மூலையில் வாயு குவிந்தால் அங்கே பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டும். மறு மூலையில் தீனியே இல்லாமல் கிடக்கும். வாயுவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அதைச் சமமாகப் பங்கிடுவதும்தான் மிச்சமிருக்கும் பெரிய சவால் என்று அந்தக் குழு முடிவில் எழுதியது. பாக்டீரியாவின் திறனைப் பற்றிய சந்தேகம் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெட்டி சொன்னதும் காற்று சொன்னதும்

அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஃபாக்சேயின் உண்மையான கண்டுபிடிப்பு இங்கேதான் இருக்கிறது.

பெட்டி முறை எளியது. அடி இல்லாத ஒரு பெட்டியைத் தரையில் பதித்துக் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே மீத்தேன் சேரச் சேர அளவு ஏறும். ஏறும் வேகத்தைக் கொண்டு அந்தத் துண்டு நிலத்திலிருந்து எவ்வளவு வருகிறது என்று கணக்கிடலாம். செலவு குறைவு, யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் பெட்டி மூடுவது ஒரு சதுர மீட்டர்கூட இருக்காது. 30 ஏக்கரில் நூறு இடத்தில் வைத்தாலும், ஒரு வெடிப்பு, ஒரு கிணற்று விளிம்பு, ஒரு எலி வளை தப்பிவிட்டால் போதும்; கிடங்கின் பெரும்பங்கு மீத்தேன் அந்த வழியே போய்க்கொண்டிருக்கும், நம் தாளில் பூஜ்ஜியம் என்று இருக்கும். அதிலும் பயோகவர் போட்டபின் பெட்டியைப் பயோகவர் மேல் வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகிறது. நல்லது நடக்கும் இடத்திலேயே அளந்தால் நல்லதுதான் தெரியும்.

கிடங்குக்கு வெளியே நின்று அளந்தார்கள் என்று முதலில் சொன்னேனே, அந்த டிரேசர் முறை மேட்டை ஒரே பொருளாகப் பார்க்கிறது. மேட்டின் மேல் வேறொரு வாயுவை, நைட்ரஸ் ஆக்சைடு அல்லது அசிட்டிலீன் போன்றதை, தெரிந்த அளவில் விடாமல் வெளியேற்றுவார்கள். அதுவும் மீத்தேனும் ஒன்றாகக் கலந்து, ஒன்றாக நீர்த்து, காற்றோடு போகும். கீழ்க்காற்றுப் பக்கம் ஒரு சாலையில் கருவியோடு வண்டியில் குறுக்கே போய், இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். உதாரணத்துக்கு டிரேசரை மணிக்கு ஒரு கிலோ விட்டு, அங்கே எடைக் கணக்கில் மீத்தேன் இருபது பங்கு இருந்தால், மேடு மணிக்கு இருபது கிலோ மீத்தேன் விடுகிறது. காற்று வேகமாக அடித்தாலும் மெதுவாக அடித்தாலும் இரண்டையும் ஒரே மாதிரி நீர்க்கச் செய்வதால் விகிதம் மாறாது. வெடிப்பு எங்கே இருந்தாலும் இதில் தப்ப முடியாது.

ஃபாக்சேயில் இன்னொரு சாட்சியையும் விசாரித்தார்கள். மீத்தேனில் உள்ள கார்பனில் எடை குறைந்த 12ஆம் வகையும் சற்று எடை கூடிய 13ஆம் வகையும் உண்டு. பாக்டீரியாவுக்கு 12தான் விருப்பம். அது தின்று மிச்சம் வைத்த மீத்தேனில் 13இன் பங்கு கூடியிருக்கும். கிடங்கைச் சுற்றியுள்ள காற்றில் இந்தப் பங்கை அளந்தால் எவ்வளவு தின்னப்பட்டது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். பயோகவருக்கு முன்பு 16 சதவீதம் தீர்ந்துகொண்டிருந்தது. பின்பு 41 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்பு நூறில் 16 தீர்ந்தது என்றால் 84 வெளியே போனது. பின்பு 41 தீர்ந்தால் 59 போகிறது. 84, 59 ஆனால் குறைவு ஏறக்குறைய 30 சதவீதம். டிரேசர் சொன்னது 28. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு முறைகள் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. பெட்டி மட்டும் தனியாக வேறு கதை சொல்கிறது. பெட்டி பொய் சொல்லவில்லை. ஜன்னலைப் பற்றிக் கேட்டதற்கு ஜன்னலைப் பற்றிப் பதில் சொன்னது. பிசகு கேள்வியில்.

கிளிண்ட்ஹோல்மில் மாற்றியது

ஃபியூன் தீவின் கிழக்குப் பக்கம் இருக்கிறது கிளிண்ட்ஹோல்ம் கிடங்கு. பழையது. அடியில் தடுப்பு விரிப்பு இல்லை, வாயுவுக்கென்று எந்த ஏற்பாடும் இருந்ததில்லை. மூடுவதற்கான திட்டத்தின் ஒரு பகுதியாக இங்கே பயோகவர் அமைத்தார்கள்.

இங்கே முதலில் மேட்டைப் படித்தார்கள். எங்கிருந்து எவ்வளவு கசிகிறது என்று அடிப்படை ஆய்வு ஒன்றைச் செய்து, வாயு வெளியேறும் விதத்தைப் பற்றி ஒரு வரைபடத்தை மனதில் கட்டிக்கொண்டு, அதற்கேற்ப வடிவமைத்தார்கள். பெரும்பங்கு மீத்தேன் சரிவுகளில்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. அதனால் சரிவை அடைத்து வாயுவை வேறு பக்கம் துரத்தாமல், சரிவு நெடுகிலும் வாயு சேகரிக்கும் அகழிகளை வெட்டினார்கள். வாயு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் இடத்திலேயே அதை ஏந்திக்கொண்டு காம்போஸ்ட்டுக்குள் விட்டார்கள். இறைக்க மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. வாயு தன் அழுத்தத்தாலேயே நகர்கிறது. வாய்க்கால் வெட்டத் தெரிந்த எந்த விவசாயிக்கும் இது புரியும். தண்ணீர் போகிற வாக்கில் வெட்டினால் மண்வெட்டி வேலை பாதி.

மொத்த மேட்டையும் டிரேசர் முறையில் அளந்தபோது சராசரியாக ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருந்தது. இம்முறை காம்போஸ்ட் அடுக்குக்குள் இருந்த வாயுவின் சேர்மானம், பெட்டி அளவீடு, காம்போஸ்ட்டின் வெப்பநிலைப் பதிவு எல்லாமே அதே திசையில் பேசின. உறைநிலைக்குக் கீழே போன குளிர்காலத்திலும் செயல்திறன் நல்லபடியாக இருந்தது. இது எனக்கு மிகவும் பிடித்த விவரம். மீத்தேன் தீரும்போது வெப்பம் வெளியாகும், ஒரு கிலோவுக்கு 50 மெகாஜூலுக்கும் மேல். காம்போஸ்ட் அதைப் போர்வைபோல் பிடித்து வைக்கிறது. மேலே பனி உறைந்திருக்க, உள்ளே பாக்டீரியா தன் வேலையாலேயே தன் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்கிறது. குளிர்நாட்டுக் கிடங்குகளில் பனி விழுந்த காலையில் வெள்ளைப் பரப்பின் நடுவே பனி உருகி மண் தெரியும் திட்டுகளைத் தேடுவார்கள். வாயு அங்கேதான் வெளியே வருகிறது என்பதற்கு அது காசில்லாத அடையாளம்.

செலவுக் கணக்கும் போட்டார்கள். ஒரு டன் வாயுவைக் குறைக்க ஆகும் செலவு, பசுங்குடில் வாயுக்களைக் குறைக்கும் மற்ற வழிகளோடு போட்டி போடும் அளவில்தான் இருந்தது. பின்னாளில் டென்மார்க் அரசு பழைய கிடங்குகளில் பயோகவர் அமைக்க மானியத் திட்டமே கொண்டுவந்தது.

எந்தக் காம்போஸ்ட்

கிளிண்ட்ஹோல்மில் அக்கம்பக்கத்தில் கிடைத்த காம்போஸ்ட் வகைகளைச் சோதித்து, ஏற்ற கலவையைத் தேர்ந்த பிறகே கொட்டினார்கள். உர மையத்தில் மிஞ்சியதை லாரியில் ஏற்றிவந்து கொட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் இந்தப் படியைத் தாண்ட மாட்டார்கள்.

இளசான காம்போஸ்ட் தானே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மக்கி முடியாத பொருளைத் தின்னும் மற்ற நுண்ணுயிர்கள் மேலிருந்து வரும் ஆக்ஸிஜனை முதலில் பிடுங்கிக்கொள்ளும்; மீத்தேனைத் தின்பவைக்கு மிச்சம் இருக்காது. இன்னும் மோசமானால் காம்போஸ்ட்டின் அடிப்பகுதியே காற்றில்லாமல் அழுகி மீத்தேனை உண்டாக்கத் தொடங்கும். தீயணைக்க மண்ணெண்ணெய் கொண்டுபோன கதை. நன்றாக முதிர்ந்ததைக் கையில் எடுத்தால் தெரியும்: கருத்து, உதிரியாக, முதல் மழையில் நனைந்த மண்ணின் மணத்தோடு இருக்கும், பிழிந்தால் உள்ளங்கை ஈரமாகும், சொட்டாது. கைக் கணிப்பு மட்டும் போதாது. ஒரு புட்டியில் கொஞ்சம் காம்போஸ்ட்டைப் போட்டு, காற்றையும் மீத்தேனையும் அடைத்து, நாளுக்கு நாள் மீத்தேன் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்னொரு புட்டியில் மீத்தேன் இல்லாமல், காம்போஸ்ட் தனக்கென்று எவ்வளவு ஆக்ஸிஜனைச் செலவழிக்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் புட்டியில் மீத்தேன் வேகமாக இறங்கி, இரண்டாவதில் ஆக்ஸிஜன் மெதுவாக இறங்கினால் தேர்வு.

கழிவுநீர்க் கசடு கலந்த உரத்தில் இன்னொரு சங்கடம். அதில் அம்மோனியம் கூடுதலாக இருக்கும். மீத்தேனைப் பிடிக்க வேண்டிய நொதி அம்மோனியாவையும் பிடித்துக்கொள்வதால் வேலை மந்தமாகும். கூடவே நைட்ரஸ் ஆக்சைடு வெளியாகலாம். வெப்பம் பிடிப்பதில் அது மீத்தேனைவிடப் பல மடங்கு. ஒன்றைக் குறைக்கப்போய் இன்னொன்றைக் கூட்டக் கூடாது.

ஈரமும் நடுவில் நிற்க வேண்டும். காய்ந்தால் பாக்டீரியா உறங்கும், ஊறினால் இடுக்குகள் அடைத்துக் காற்று இறங்காது. அளவுக்கு மீறித் தீனி கிடைக்கும் இடத்தில் பாக்டீரியா பிசின்போல ஒன்றைச் சுரந்து, வருடங்களில் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்வதும் உண்டு. காம்போஸ்ட்டும் மெல்ல மக்கித் தாழும். அவ்வப்போது மேலே சேர்க்க வேண்டிவரும். ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய மூடி இல்லை இது.

நம் மேடுகளில்

பெருங்குடியும் கொடுங்கையூரும் சென்னையின் இரண்டு பெரிய குப்பைமேடுகள். பெருங்குடியில் 2022 ஏப்ரலில் பிடித்த தீயின் புகை நாள்கணக்கில் சுற்றுவட்டாரத்தை மூச்சுத்திணற வைத்தது. அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலையைத் தொடங்கினார்கள். நிலத்தை மீட்கும் அந்த வேலை நடக்கும் இடத்தில் பயோகவருக்கு வேலையில்லை. தோண்டுவதற்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் மேடுகளும், தோண்டப் பணமே ஒதுக்கப்படாத சிறு நகராட்சி மேடுகளும்தான் என் கண்ணில் படுகின்றன.

வெப்பம் நமக்குச் சாதகம். இந்தப் பாக்டீரியாக்களுக்கு மிகவும் பிடித்த 25 முதல் 35 டிகிரி நம் மண்ணில் வருடத்தில் பெரும்பாலான நாள் தானாகவே இருக்கிறது. டென்மார்க்கில் காம்போஸ்ட் பாடுபட்டுக் காப்பாற்றும் கதகதப்பு இங்கே இலவசம். பாதகங்களும் சிறியவை அல்ல. சித்திரை, வைகாசியில் மேல் அரையடி பொடியாகக் காயும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே வாரத்தில் ஊறிச் சேறாகும். காம்போஸ்ட் தண்ணீரைத் தடுக்காது என்பதால் அந்த மழை குப்பைக்குள் இறங்கிக் கசிவுநீரையும் கூட்டும். எல்லாவற்றுக்கும் மேல், நம் மேடுகளில் பலவற்றில் இன்னும் ஈரக்குப்பை விழுந்துகொண்டிருக்கிறது. தணலுக்கென்று செய்த மூடியைக் கொழுந்து விட்டு எரியும் அடுப்பின் மேல் வைக்க முடியாது. கொட்டுவதை நிறுத்தி, மண் மூடி போட்டு, வாயு தணியத் தொடங்கிய மேட்டுக்குத்தான் இது பொருந்தும். நகராட்சி நுண் உர மையங்களில் விற்காமல் தேங்கும் காம்போஸ்ட்டை இதற்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை இருக்கிறது, புட்டிச் சோதனைக்குப் பிறகு.

எங்கே செய்தாலும் முன்னும் பின்னும் மேடு முழுவதையும் அளக்க வேண்டும். பெருங்குடி போன்ற இடத்தில் அதுவே சிரமமான வேலை. பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். சதுப்பு தானாகவே மீத்தேன் விடும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமும் அருகிலேயே இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசினால் மேட்டின் வாயு சதுப்பின் பக்கம் போய் அதன் வாயுவோடு கலந்துவிடும். மேற்கிலிருந்து காற்று அடிக்கும் காலை நேரத்தில், மேட்டுக்குக் கிழக்கே பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் வண்டியைக் குறுக்கே ஓட்டி அளந்து, மேட்டுக்கு முன்னால் சதுப்பைத் தாண்டி வரும் காற்றில் ஏற்கெனவே எவ்வளவு மீத்தேன் இருக்கிறது என்று தனியாகப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஒரே நாள் அளவை நம்ப முடியாது. காற்றழுத்தம் ஏறும் நாளில் மேடு வாயுவை உள்ளே அடக்கிக்கொள்ளும், இறங்கும் நாளில் வெளியே தள்ளும். இரண்டு வகை நாளிலும், கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்தால்தான் அந்த மேட்டுக்கு ஒரு எண் கிடைக்கும்.